வறட்சியில் மக்கள் பிரதிநிதியின் வேலை என்ன? காட்பாடி தரும் பாடம்

மழை பொய்த்த ஆண்டில் கிராமத்துக்குக் கார்கள் வருவது வழக்கம். சட்டமன்ற உறுப்பினர் இறங்குவார். காய்ந்த கழனியைப் பார்ப்பார். கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பார். ஊர்ப் பெரியவர்கள் மனு கொடுப்பார்கள். "ஆவன செய்யப்படும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவார். புழுதி அடங்கிய பின் உழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: வந்தாரே, என்ன நடக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், சட்டமன்ற உறுப்பினரால் எது முடியும், எது முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கலெக்டர் அல்ல. உத்தரவு போட முடியாது. பொறியாளரும் அல்ல, மதகைத் திறக்க முடியாது. அவரிடம் இருப்பவை மூன்று. சட்டமன்றத்தில் எழுந்து கேட்கும் உரிமை ஒன்று. மாவட்ட அதிகாரிகளைக் கூட்டி வைத்து, கோப்பு எங்கே நிற்கிறது என்று விசாரிக்கும் செல்வாக்கு இரண்டாவது. தொகுதி மேம்பாட்டு நிதி மூன்றாவது. அண்மை ஆண்டுகளில் இந்நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இம்மூன்றையும் எந்த மாதத்தில், எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார் என்பதே அவரை எடைபோடும் அளவுகோல். வறட்சியில் எத்தனை ஊருக்கு வந்தார் என்பது அளவுகோல் ஆகாது.

காட்பாடித் தொகுதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தண்ணீருக்கும் சட்டமன்றத்துக்கும் இவ்வளவு நெருங்கிய தொடர்பு உள்ள தொகுதி தமிழகத்தில் வேறு இருக்குமா என்பது ஐயமே. இத்தொகுதியிலிருந்து 1971இல் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திரு. துரைமுருகன், 2021 வரை இதே தொகுதியில் எட்டு முறை வெற்றி பெற்றிருக்கிறார். பாசனத்தைக் கவனிக்கும் பொதுப்பணித்துறையை 1989, 1996, 2006 ஆகிய ஆண்டுகளில் அமைந்த அமைச்சரவைகளில் வகித்தார். 2021இல் நீர்வளத்துறை தனித்துறையாகப் பிரிக்கப்பட்டபோது அதன் அமைச்சரானார். ஆளுங்கட்சி வரிசையில் இருந்தும் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தும் வறட்சியைப் பார்த்தவர் அவர். ஆகவே, ஒரு சட்டமன்ற உறுப்பினரால் உழவனுக்கு எதுவரை செய்ய முடியும் என்பதற்குக் காட்பாடியைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

இரு ஆறுகளுக்கு இடையே ஒரு வறண்ட வட்டம்

காட்பாடி வட்டம் பாலாற்றுக்கும் பொன்னையாற்றுக்கும் இடைப்பட்டது. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுகிறது என்பது சொல்லளவில்தான். ஆண்டில் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆனால் அந்த மணலே இந்தப் பகுதியின் வைப்பு நிதியாக இருந்தது. மணலுக்கடியில் நின்ற தண்ணீரை ஊற்றுக்கால்வாய் வெட்டிக் கழனிக்குக் கொண்டுவந்தார்கள். கிணற்றில் கவலை கட்டி இறைத்தார்கள். நெல்லும் கரும்பும் விளைந்தன. மேட்டு நிலத்தில் மல்லாட்டையும் கேழ்வரகும் மழையை நம்பி விளைந்தன. அம்முண்டியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

பிறகு மணல் போயிற்று, ஊற்றும் போயிற்று. 1990 முதல் எல்லா உழவர்களுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. சிறு உழவனுக்கு அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் இறைப்பது எளிதான அளவுக்கு, நிலத்தடிக்கு நீரைத் திருப்பி அனுப்பும் வேலை நடக்கவில்லை. கிணறு வற்றியது, கிணற்றுக்குள் துளை போட்டார்கள். அதுவும் வற்றியது, ஆழ்குழாய் போட்டார்கள். இரண்டு காணி வைத்திருப்பவன் ஒரு துளைக்குக் கடன் வாங்கி, அது பொய்த்தபின் இன்னொரு துளைக்கும் கடன் வாங்கினால், மழை வந்தாலும் அவன் வறட்சி தீராது. வட்டிக்காரர் வீட்டுக் கணக்கில் அது தொடர்ந்துகொண்டே இருக்கும்.

மேற்கே இருக்கும் மாநிலங்களோடு உள்ள வழக்கும் தீரவில்லை. 1892ஆம் ஆண்டு மைசூர் – சென்னை ஒப்பந்தம், மேல்பகுதியில் புதிய அணை கட்டக் கீழ்ப்பகுதியின் இசைவு வேண்டும் என்கிறது. குப்பம் அருகே அணை கட்டும் ஆந்திரத்தின் முயற்சியை எதிர்த்து 2006இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. தடுப்பணைகளின் உயரம் கூட்டப்பட்டபோது 2016இல் மறுபடியும் சென்றது. வழக்கு நடக்கட்டும். ஆனால் தீர்ப்பு வந்து பாலாற்றில் தண்ணீர் வரும் என்று காத்திருந்தால் பயிர் காத்திருக்காது.

2017: அடங்கலில் இல்லாதவன் வறட்சியிலும் இல்லை

2016 வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்தது. வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரி 10ஆம் நாள், அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நெல் முதலிய பாசனப் பயிர்களுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாய், நீண்ட காலப் பயிர்களுக்கு 7,287 ரூபாய் என்று நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நிலவரி தள்ளுபடியாயிற்று. கூட்டுறவுப் பயிர்க் கடனை மத்திய காலக் கடனாக மாற்றவும், நூறு நாள் வேலையை 150 நாளாக உயர்த்தவும் முடிவானது.

அறிவிப்பு நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் எந்தப் பாதையில் உழவனின் வங்கிக் கணக்குக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவிலிருந்து அது தொடங்குகிறது. பயிர் பதிவாகியிருக்க வேண்டும். இழப்பு 33 சதவிகிதத்துக்கு மேல் என்று கணக்கெடுப்பில் வர வேண்டும். பட்டா யார் பேரில் உள்ளதோ அவர் பேருக்குத்தான் பணம் வரும். தாத்தா பேரில் கூட்டுப் பட்டாவாக நிற்கும் நிலத்தில் பேரன் பயிரிட்டால் இழுபறிதான். குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுபவன் பேர் எங்கும் இல்லை. விதை அவனுடையது, உழைப்பு அவனுடையது, இழப்பும் அவனுடையது. நிவாரணம் மட்டும் நில உடைமையாளருடையது.

குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. சட்டமன்றம் இயற்றிய அந்தச் சட்டத்தின்படி தம் தொகுதியில் எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேட்டால், அதுவே ஒரு பெரிய வறட்சி நிவாரணப் பணியாகும். இதற்கு நிதி தேவையில்லை. ஒரு கூட்டமும், தொடர்ந்து கேட்கும் பொறுமையும் போதும். ஆனால் இந்த வேலையைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட முடியாது. குடம் வழங்கும் விழாவுக்கு வரும் கூட்டம் அடங்கல் திருத்தத்துக்கு வராது. அதனால்தான் இது பின்தங்கிப் போகிறது.

2019: ரயிலில் போன தண்ணீர்

2018 மழையும் குறைந்து, 2019 கோடையில் சென்னை தவித்தது. ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோக அரசு முடிவு செய்தது. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர், ஆறு மாதத்துக்கு, 65 கோடி ரூபாய் செலவில் என்று திட்டம். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வேலூர் மாவட்டத்துக்கு வந்த நீரே அதற்கு ஆதாரம்.

அப்போது எதிர்க்கட்சி வரிசையிலிருந்த காட்பாடி உறுப்பினர், வேலூர் மக்களின் தண்ணீரை எடுத்தால் போராட்டம் வெடிக்கும் என்று எச்சரித்தார். தலைநகருக்குத் தண்ணீர் தர மறுப்பதா என்று கண்டனம் எழுந்தது. சென்னைக்குக் கொடுப்பதைத் தாம் எதிர்க்கவில்லை, தம் மாவட்டத்தாரின் பங்கு குறையக் கூடாது என்பதே தம் கருத்து என்று அவர் விளக்கினார். 2019 ஜூலை 12ஆம் நாள் 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டருடன் முதல் ரயில் புறப்பட்டது. மழை தொடங்கிய பின் அக்டோபரில் ரயில் நின்றது.

அந்த எச்சரிக்கை சரியா, தவறா? தாகத்துக்குக் கேட்பவனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது தமிழ்நாட்டுக் கிராமத்தின் வழக்கம் அல்ல. ஆனால் தன் தொகுதியின் பங்கு என்ன ஆகிறது என்று கேட்பது பிரதிநிதியின் கடமை. கேட்காமல் இருந்திருந்தால்தான் தவறு. உழவன் பார்வையில் குறை வேறிடத்தில் உள்ளது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற இரு தரப்பு வாதத்திலும் பேசப்பட்டது குடிநீர் மட்டும்தான். கழனிக் கிணறுகளைப் பற்றிய பேச்சு அதில் இடம்பெறவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் நெல்லில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தேவை. அப்படியானால் ஒரு ரயில் நிறையப் போன தண்ணீர், சுமார் 12 ஏக்கருக்கு ஒரே ஒரு தடவைப் பாய்ச்சல்தான். ரயிலால் கழனியைக் காக்க முடியாது, லாரியாலும் முடியாது. நகரத்தின் தாகத்தைச் சில வாரங்களில் ரயில் விட்டுத் தீர்க்கலாம். கிராமத்தின் தாகத்தை அந்தந்த ஊர் ஏரியும் கிணறும்தான் தீர்க்க முடியும். ஆகவே அந்த வேலை, கோடை வந்த பின் தொடங்கும் வேலையாக இருக்க முடியாது.

2021: அதே ஆறு, வேறு காட்சி

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. வாலாஜா அருகே உள்ள பாலாற்று அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் பாய்ந்தது. பொன்னையாற்றிலும் வெள்ளம். டிசம்பரில் திருவலம் – முகுந்தராயபுரம் இடையே பொன்னையாற்று ரயில் பாலம் பழுதாகி, சென்னை – காட்பாடி வண்டிகள் நிறுத்தப்பட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 36 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் ஆயிரம் கோடிக்கு மேல். ஜோலார்பேட்டையிலிருந்து போனது போன்ற ரயில்கள் நாலாயிரம் போனால் எவ்வளவு தண்ணீரோ, அவ்வளவும் ஒரே மணி நேரத்தில் ஆற்றில் ஓடிக் கடலுக்குப் போயிற்று. 2019இல் ஒரு குடத்துக்குத் தகராறு. 2021இல் ஆயிரம் கோடி லிட்டரைத் தடுக்க ஆளில்லை. வறட்சி என்பது மழை இல்லாததால் மட்டும் வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2021க்குப் பின், பாலாற்றின் குறுக்கே அரும்பருத்தியிலும், பொன்னையாற்றின் குறுக்கே குகையநல்லூரிலும் தடுப்பணைகள் எழுந்தன. தொகுதி உறுப்பினரே நீர்வளத்துறை அமைச்சராக இருந்ததால் நேர்ந்த நன்மை இது என்று சொல்வதில் தவறில்லை. தடுப்பணையில் நிற்கும் நீர் மணலில் இறங்கி, கரையோரக் கிணறுகளுக்கு ஊறும். அதைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. தடுப்பணையின் பயன் ஆற்றங்கரையை ஒட்டிய ஊர்களுக்கே. ஆற்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரின் கிணற்றுக்கு அது எட்டாது. அந்த ஊரைக் காப்பது ஏரிதான். ஏரியைக் காப்பது வரத்துக்கால். அது அடைபட்டால், ஆற்றில் லட்சம் கன அடி போனாலும் ஏரி கோடி போகாது. மேலும், எல்லாத் தொகுதி உறுப்பினரும் நீர்வளத்துறை அமைச்சர் ஆக முடியாது. அமைச்சர் இல்லாத தொகுதிக்கு வழி என்ன என்பதே சிறு உழவனின் கேள்வி.

வண்டலுக்குக் கட்சி இல்லை

2017 மார்ச்சில் அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். அதே ஆண்டு எதிர்க்கட்சியும் தன் தொண்டர்களைக் கொண்டு ஏரி குளங்களைத் தூர் வாரியது. உழவனுக்கு இரண்டும் நல்லதே. ஆனால் நடந்தது என்ன? சேலம் மாவட்டம் எடப்பாடி அருகே ஓர் ஏரியைப் பார்வையிடச் சென்ற அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் திரு. மு.க. ஸ்டாலின் வழியிலேயே தடுத்துக் கைது செய்யப்பட்டார். ஏரியில் இறங்கி வேலை செய்தது யார் என்பதே சண்டையாயிற்று. வண்டல் மண்ணுக்குக் கட்சி இல்லை. யார் அள்ளினாலும் ஏரி ஆழமாகும். யார் கழனியில் கொட்டினாலும் பயிர் விளையும்.

இங்கே உழவர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஏரி வண்டலை இலவசமாக எடுக்க விதி இருக்கிறது. ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை எடுத்துக்கொள்ளலாம். முன்பு இதற்கு மாவட்டத் தலைநகர் வரை அலைய வேண்டியிருந்தது. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கப்பட்டது. ஆனி, ஆடியில் ஏரி வறண்டு கிடக்கும்போது அனுமதி கிடைத்தால்தான் பயன். ஐப்பசியில் கிடைக்கும் அனுமதிச் சீட்டைத் தண்ணீரில்தான் விட வேண்டும். தம் தொகுதி ஏரிகள் அனைத்துக்கும் சித்திரைக்குள் அனுமதி தயாராகிவிட்டதா என்று சட்டமன்ற உறுப்பினர் வட்டாட்சியரைக் கேட்டால் போதும். வண்டலோடு சேர்த்து மணலும் கிராவலும் லாரியில் நகரத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே.

காட்பாடியை ஒட்டிய கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிகளின் கதையும் கவனிக்கத்தக்கது. ஒரு காலத்தில் கழனிகளுக்குப் பாய்ந்த ஏரிகள் அவை. நகரம் வளர்ந்து வேலூர் மாநகராட்சியோடு அந்த ஊர்கள் சேர்ந்துவிட்டன. ஏரியைச் சுற்றி வீடுகள் வந்தன. நகரத்தாருக்கு ஏரி என்றால் நடைபாதையும் பூங்காவும். அதில் குற்றமில்லை. ஆனால் ஏரியில் நிற்கும் நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் ஊறவேண்டும் என்பதை அங்கே நினைவூட்ட ஒரு குரல் வேண்டும். ஓட்டுக் கணக்கில் நகரம் பெரிதாகி, கழனி சிறிதாகிவரும் தொகுதியில் அந்தக் குரல் தானாக எழாது. உழவர்கள்தான் எழுப்ப வேண்டும்.

தோல் பதனிடும் பகுதியின் தனித் துயரம்

வறட்சி எல்லா மாவட்டத்துக்கும் வருகிறது. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிக்கு வரும்போது அது கூடவே உப்பையும் கொண்டுவருகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கிணற்று நீரில் கரைந்து நீர்த்துப்போகும் தோல் கழிவின் உப்பு, வறட்சியில் கெட்டியாகிறது. இருக்கும் கொஞ்சநஞ்ச நீரை இறைத்தாலும் பயிர் கருகுகிறது. மற்ற ஊரில் தண்ணீர் இல்லாததால் பயிர் சாகும். இங்கே தண்ணீர் பாய்ச்சியும் சாகும்.

இதற்காக வழக்கு தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நலமன்றம். 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை அளித்தது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை அதில் நிலைநாட்டப்பட்டது. இழப்பீட்டுக்காக அமைந்த ஆணையம் 2001இல் 29,000க்கு மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. ஆயினும் பிரச்சினை தீரவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டது. இழப்பீட்டை அரசே கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கும் மேல். அன்று இளைஞனாக இருந்த உழவன் இன்று கிழவன்.

இந்தப் போராட்டத்தில் உழவனுக்கு வழி காட்டியது ஒரு குடிமக்கள் மன்றமும் நீதிமன்றமும்தான். இந்தப் பகுதியிலிருந்து எந்தக் கட்சி உறுப்பினர் சென்றாலும் அவருக்கு ஒரு சங்கடம் உண்டு. தோல் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. கழனி பொய்த்த உழவன் வீட்டுப் பெண்களே ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைக்கு வேன் ஏறிப் போகிறார்கள். தொழிலை மூடச் சொன்னால் அந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆகவே, மூடு என்று சொல்வதும் தீர்வு அல்ல, கண்ணை மூடிக்கொள்வதும் தீர்வு அல்ல. சுத்திகரிப்பு நிலையங்கள் நாள்தோறும் ஓடுகின்றனவா, உப்பு எங்கே போகிறது, எந்த ஊர்க் கிணற்று நீர் எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கு இருமுறை சோதித்து ஊர்ப் பலகையில் எழுதிவைக்கச் செய்யலாம். 2025 தீர்ப்பின்படி தம் தொகுதி உழவர்களில் யார் யார் இழப்பீட்டுக்கு உரியவர்கள் என்று பட்டியல் சரிபார்க்கச் செய்யலாம். இதைச் செய்யும் உறுப்பினர், உழவனுக்கும் தொழிலாளிக்கும் ஒருங்கே நன்மை செய்தவர் ஆவார்.

மாதவாரியாக ஒரு வேலைத் திட்டம்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். வறட்சிக்கும் அது பொருந்தும். சட்டமன்ற உறுப்பினரிடம் உழவர்கள் எதிர்பார்க்க வேண்டியதை மாதவாரியாகச் சொல்லிவிடலாம்.

தை, மாசியில் ஏரிகளில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று பார்த்து, எந்த ஊருக்கு இரண்டாம் போகம் நெல் வேண்டாம், எங்கே உளுந்து, கேழ்வரகு போதும் என்று வேளாண் துறையோடு பேசி முன்கூட்டியே சொல்லச் செய்ய வேண்டும். நட்டபின் வற்றுவதைவிட நடாமல் இருப்பது லாபம்.

பங்குனியில், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கூடும் கிராம சபையில், ஊரின் ஏரி, மதகு, வரத்துக்கால், ஆக்கிரமிப்பு ஆகியவற்றின் கணக்கைத் தீர்மானமாக எழுதச் செய்ய வேண்டும். எழுதாத ஏரிக்கு நிதி வராது.

சித்திரை முதல் ஆடி வரை வண்டல் எடுப்பும் வரத்துக்கால் சீரமைப்பும். தொகுதி நிதியில் ஒரு பங்கை மதகுக்கும் கால்வாய்க்கும் ஒதுக்கச் சொல்ல வேண்டும். நிழற்குடை நிழல் தரும். மதகு சோறு தரும்.

ஆவணி முதல் ஐப்பசி வரை பயிர்க் காப்பீடு. உணவுப் பயிருக்குக் குறுவைப் பருவத்தில் 2 சதவிகிதம், சம்பா, நவரையில் ஒன்றரை சதவிகிதம், தோட்டப் பயிர், வணிகப் பயிருக்கு 5 சதவிகிதம் என்பது உழவன் கட்டும் பிரீமியம். கடைசித் தேதி தெரியாமல் விட்டவர்களே அதிகம். அடங்கல் கிடைக்கத் தாமதமாகி விட்டவர்களும் உண்டு. அடங்கலைத் தாமதமின்றித் தரச் செய்வது பிரதிநிதியின் வேலை.

மழை பொய்த்துவிட்டது என்று மார்கழியில் தெரிந்துவிட்டால், முதலில் கால்நடை. 2017இல் உலர் தீவனக் கிடங்குகள் திறந்து கிலோ 2 ரூபாய்க்கு வைக்கோல் கொடுத்தார்கள். அது மாடு விற்கும் முன் திறந்தால்தான் உதவி. சந்தையில் பாதி விலைக்கு மாட்டை விற்றபின் வைக்கோல் வந்து என்ன பயன்? அடுத்து, கூட்டுறவுக் கடனைக் காலம் மாற்றி எழுதுதல். அதற்கும் அடுத்தது நிவாரணப் பட்டியலைக் கிராம சபையில் வாசித்துக் காட்டுதல். விட்டுப்போன பேரை ஊரே சொல்லும். யாரும் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

கேட்கத் தெரிந்தால் கிடைக்கும்

மக்கள் பிரதிநிதியைக் குறை சொல்வது எளிது. உழவர்களிடமும் குறை இல்லாமல் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எத்தனை சிறு உழவர்கள் போகிறார்கள்? வரத்துக்காலை உழுது வரப்போடு சேர்த்துக்கொண்டவரும் ஊருக்குள்ளேயேதான் இருக்கிறார். அவர் சொந்தக்காரர் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு, ஏரி நிரம்பவில்லை என்று சென்னையைத் திட்டிப் பயனில்லை. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கோயிலுக்கு மண்டபம் கேட்கிற ஊர், மதகுக்குக் கதவு கேட்டதுண்டா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

துரைமுருகன் போன்று அரை நூற்றாண்டு அனுபவமும் துறைப் பொறுப்பும் சேர்ந்த ஒருவர் கிடைத்த தொகுதியிலும் தடுப்பணைகள் வர 2021க்குப் பிந்தைய காலம்வரை ஆயிற்று. அப்படியிருக்க, முதல்முறை வெற்றி பெற்று எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும் உறுப்பினருக்கு ஊரின் துணை எவ்வளவு வேண்டும்! அவர் கையில் கொடுக்க வேண்டியது கண்ணீர் மனு அல்ல, கணக்கு. எங்கள் ஏரி இத்தனை ஏக்கர், மதகு இத்தனை, அடைபட்ட கால்வாய் இத்தனை மீட்டர், அடங்கலில் விட்டுப்போனவர் இத்தனை பேர், உப்பேறிய கிணறு இத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதையே அவர் சட்டமன்றத்தில் கேள்வியாக வாசிக்கலாம். "ஆவன செய்யப்படும்" என்ற பதில் மனுவுக்குச் செல்லும், கணக்குக்குச் செல்லாது.

அடுத்த வறட்சி எந்த ஆண்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும் என்பது மட்டும் உறுதி. அப்போது கார் வந்து நிற்கும். காய்ந்த கிணற்றை எட்டிப் பார்க்க வருபவரிடம் ஊரார் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "ஐயா, போன வருஷம் ஏரி கோடி போச்சே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவரே உழவர்களின் பிரதிநிதி. அந்தக் கேள்வியைக் கேட்கும் ஊரே வறட்சியைத் தாண்டும் ஊர்.